கணிப்பொறியின் குறைகளை நாம் ஏன் சொல்வதில்லை?

சென்ற ஆண்டு ஒரு நாள், நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் ரொக்க இருப்பைச் சரிபார்க்க முன்னறிவிப்பின்றிச் சென்றிருந்தேன். பெட்டியிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்ததில், கணிப்பொறி காட்டிய இருப்பைவிட 19 ரூபாய் குறைந்திருந்தது. தொகை அற்பமானதுதான், ஆயினும் குறைவு குறைவே அல்லவா? நான் குறிப்பெழுதத் தொடங்கியதும், சங்கத்தின் எழுத்தரான அம்மையார் பதற்றத்துடன் தம் கைப்பையைத் திறந்து, இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து மேசைமீது வைத்தார். “இந்த வாரம் இன்னும் போடவில்லை ஐயா, மறந்துவிட்டேன்” என்றார்.

எதைப் போடவில்லை என்று விசாரித்தேன். விஷயம் இதுதான். அச்சங்கத்தில் நெசவுக் கூலி வாரந்தோறும் ரொக்கமாகப் பட்டுவாடா செய்யப்படுகிறது. கூலியைக் கணக்கிடும் மென்பொருள், ஒவ்வொரு நெசவாளருக்கும் உரிய சீட்டில் பைசாவை முழு ரூபாயாக உயர்த்திக் காட்டுகிறது. ஆனால் ரொக்கப் புத்தகத்தில் செலவெழுதும்போது பைசாவோடு கூடிய பழைய தொகையையே எடுத்துக்கொள்கிறது. நாற்பது நெசவாளர்களுக்குச் சீட்டின்படி கொடுத்து முடித்தால், கணக்கில் எழுதப்பட்டதைவிடப் பதினைந்து இருபது ரூபாய் அதிகமாகக் கைவிட்டுப் போயிருக்கும். அந்த வித்தியாசத்தை அம்மையார் வாரந்தோறும் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்து வந்திருக்கிறார். எத்தனை நாளாக? மூன்று ஆண்டுகளாக! இருபது ரூபாய் வீதம் கணக்கிட்டால் மூவாயிரம் ரூபாயை எட்டிவிடும்.

“இதை யாரிடமாவது சொன்னீர்களா அம்மா?” என்று கேட்டேன்.

“யாரிடம் சொல்வது ஐயா? நான்தான் எங்கேயோ தப்பாக அழுத்துகிறேன் என்று நினைத்தேன்” என்றார்.

பிறகு மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதைக் கூறும் நூல் அது. ‘சேமி’ என்பதை இரண்டு தடவை அழுத்தக் கூடாது. அழுத்தினால் நூல் பட்டுவாடா இரண்டாகப் பதிவாகும். பெயரில் தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தால் அங்கத்தினரின் கணக்கு தேடும்போது அகப்படாது. மார்ச்சு மாதக் கடைசி நாளில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் எதையும் பதிய வேண்டாம். இவ்வாறு 34 குறிப்புகள். அவற்றுள் ஒன்றுகூட அந்த மென்பொருளை ஆக்கிக் கொடுத்தவர்களின் காதுக்கு எட்டியதில்லை. தமக்குப் பின் வருபவருக்கு உதவுமே என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

இதைப் படிக்கும் அங்கத்தினர்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்க வேண்டாம். நான் மாதந்தோறும் அறிக்கை அனுப்புவதற்குரிய மென்பொருளொன்று, இணைக்கும் புகைப்படத்தை முதல் தடவை ஏற்பதேயில்லை. இரண்டாம் தடவையே ஏற்கும். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை இணைத்து வருகிறேன். பட்டம் பெற்றவன், பிறர் கணக்கில் குறை காண்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். நானும் எவரிடமும் சொன்னதில்லை. ஆகவே, இக்கட்டுரை பிறருக்கு உபதேசம் செய்வதற்காக எழுதப்பட்டதன்று. நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று ஆராய்ந்து பார்ப்பதே நோக்கம்.

முதற் காரணத்தை அந்த அம்மையாரே கூறிவிட்டார். பொருளில் குறை இருக்கும்போது, உபயோகிப்பவர் தம்மீதே குறை காண்கிறார். அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்டு நார்மன், 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், அன்றாடம் புழங்கும் கதவு, அடுப்பு, தொலைபேசி முதலிய பொருள்களை எடுத்துக்கொண்டு இதனை விரிவாக விளக்கினார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிவிட்டு, “நான் ஒரு அசடு” என்று சொல்லிக்கொள்பவரே பலர். இழுக்க வேண்டிய கதவுக்குத் தள்ளும் கதவின் தோற்றத்தைக் கொடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கணிப்பொறியின் விஷயத்தில் இந்த மனப்பான்மை பன்மடங்காகிறது. தறியில் இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று நெசவாளருக்குக் கண்ணால் தெரியும். மென்பொருளின் உள்ளே அறுந்த இழையை எவர் கண்டார்? காணாததைக் குற்றம் சொல்ல மனம் துணிவதில்லை. அதிலும், “படித்தவர்கள் செய்தது, நமக்குத்தான் தெரியவில்லை” என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இரண்டாவது காரணம், நம் சாமர்த்தியம். குறையைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஒரு குறுக்கு வழி அகப்பட்ட கணமே, அது குறையாகத் தோன்றுவதை விட்டுவிடுகிறது. வரப்பு உடைந்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டுத் தாண்டிப் பழகியவனுக்கு, அது உடைப்பு என்பதே மறந்துபோகும். இதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. எக்செல் என்னும் அட்டவணை மென்பொருள், தேதியைப் போலத் தோன்றும் எதையும் தேதியாகவே மாற்றிவிடும் வழக்கமுடையது. மனித உடலின் மரபணுக்களுக்கு விஞ்ஞானிகள் இட்டிருந்த சுருக்கப் பெயர்களுள் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்றனவும் இருந்தன. அட்டவணையில் எழுதினால் அவை மார்ச்சு மாதம் முதல் தேதியாகவும், செப்டம்பர் முதல் தேதியாகவும் மாறிவிடும். இக்குறை 2004ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சிக் கட்டுரையொன்றில் சுட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வொன்று, மரபணுப் பட்டியல்களை எக்செல் அட்டவணையாக இணைத்து வெளியான கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை புகுந்திருந்ததாகக் கண்டது. முடிவில் நடந்தது என்ன? 2020ஆம் ஆண்டில், மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழுவினர், அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! மென்பொருளைத் திருத்துவதைவிட மனித உடலின் கூறுகளுக்கு மறுபெயர் சூட்டுவது எளிதாக இருந்திருக்கிறது. அம்மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023ஆம் ஆண்டில்தான் சேர்த்தது. உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகளே இவ்வாறு கல்லைப் போட்டுத் தாண்டினார்கள் என்றால், நம் எழுத்தரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எவ்வாறு குறை கூற முடியும்?

மூன்றாவது, ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்ற நம்பிக்கை. 1968ஆம் ஆண்டில் லதானே, டார்லி என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் அறையில் மாணவர்கள் ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்க, சுவரிலிருந்த துளை வழியே புகை உள்ளே விடப்பட்டது. தனியாக இருந்தவர்களுள் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று புகையைப் பற்றித் தெரிவித்தார்கள். மூவர் மூவராக இருந்த குழுக்களிலோ, நூற்றுக்கு 38 குழுக்களில் மட்டுமே எவரேனும் ஒருவர் எழுந்தார். மற்றவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து, ‘இது பெரிய விஷயமன்று போலும்’ என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொண்டார்கள். நமது மகாசபைக் கூட்டங்களில் வரவு செலவு வாசிக்கப்படும்போது நிலவும் மௌனத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இதனோடு ஒட்டிய இன்னொன்றையும் கூறவேண்டும். குறையைத் தெரிவிப்பவருக்கு அரை நாள் வேலை கெடுகிறது. குறை நீங்கினால் வரும் பயனோ, தெரிவித்தவருக்கும் தெரிவிக்காதவருக்கும் ஒன்றுபோலவே கிட்டுகிறது. அப்படியானால் ஒவ்வொருவரும் பிறர் சொல்லட்டும் என்று காத்திருப்பதில் வியப்பென்ன? பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965ஆம் ஆண்டிலேயே, பொது நன்மைக்கான காரியங்கள் யாவும் இப்படித்தான் தடைப்படுகின்றன என்று காட்டினார். ஊர் ஏரியைத் தூர்வாரும் விஷயத்தில் இதனை நாம் புத்தகமின்றியே அறிவோம்.

இதுவரை கூறியவை மனத்தின் சோம்பலையும் கூச்சத்தையும் பற்றியவை. இனிக் கூறப்போவது அத்தன்மையதன்று. பொறுத்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறேன்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் ‘தெராக்-25’ என்ற யந்திரம், கனடா நாட்டு அரசு நிறுவனமொன்றால் செய்யப்பட்டு, அந்நாட்டிலும் அமெரிக்காவிலும் சில மருத்துவமனைகளில் நிறுவப்பட்டிருந்தது. அதனை இயக்கியது மென்பொருள். அது அடிக்கடி ‘கோளாறு’ என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் திரையில் காட்டி நின்றுவிடும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கையேட்டில் விளக்கம் கிடையாது. ‘தொடர்க’ என்பதற்குரிய ஒரே ஓர் எழுத்தை அழுத்தினால் மறுபடியும் ஓடும். சில நாள்களில் நாற்பது தடவைகூட இவ்வாறு நின்றதுண்டு. நாற்பது தடவை நின்று, நாற்பது தடவையும் ஒன்றும் நேராமற்போனால், நாற்பத்தோராவது தடவை இயக்குபவர் என்ன செய்வார்? 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், திரையில் ‘கோளாறு 54’ என்று தோன்றியது. இயக்குபவர் வழக்கம்போல் தொடரும் எழுத்தை அழுத்தினார். உள்ளே படுத்திருந்த நோயாளியின் உடலில் அளவுக்குப் பன்மடங்கு அதிகமான கதிர்வீச்சுப் பாய்ந்திருந்தது. அவர் சில மாதங்களில் இறந்தார். 1985ஆம் ஆண்டுக்கும் 1987ஆம் ஆண்டுக்கும் இடையே இத்தகைய விபத்துகள் ஆறு நிகழ்ந்தன.

இந்நிகழ்ச்சியின் பிற்பகுதியே நாம் கவனிக்கத் தக்கது. யந்திரம் செய்தவர்கள், அவ்வாறு அதிக அளவு பாய்வதற்கு வழியே இல்லை என்று உறுதி கூறினார்கள். மூன்று வாரங்களுக்குள் அதே மருத்துவமனையில் இரண்டாவது விபத்து நேர்ந்தது. அப்பொழுது அங்கிருந்த இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும், யந்திரத்தை இயக்கிய பெண்மணியும் அமர்ந்து, அன்று எந்த எழுத்தை எந்த வரிசையில், எவ்வளவு விரைவாக அழுத்தினார் என்பதை நினைவுபடுத்தி, மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். தவறாக எழுதியதைச் சில விநாடிகளுக்குள் திருத்திவிட்டால் கோளாறு வருகிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். பழகிய கையின் வேகமே மென்பொருளின் ஓட்டையை வெளிப்படுத்தியிருக்கிறது. நிதானமாக அழுத்திப் பார்த்த பொறியாளர்களுக்கு அது அகப்படவில்லை. உபயோகிப்பவர் அறிந்ததை ஆக்கியவர் அறிய மாட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி பிரிட்டனில் நடந்தது. இதனை நமது அங்கத்தினர்களும், குறிப்பாகச் சங்கச் செயலாளர்களும் எழுத்தர்களும் முழுமையாக அறிந்திருப்பது நலம்.

அந்நாட்டில் பெரும்பாலான சிறு அஞ்சலகங்களைத் துணை அஞ்சலகர் எனப்படும் தனி மனிதர்கள் ஒப்பந்தத்தின் பேரில் நடத்துகிறார்கள். மளிகைக் கடையின் ஒரு மூலையில் அஞ்சலகம் இருக்கும். 1999ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய கணக்குகளுக்காக ‘ஹொரைசன்’ என்ற மென்பொருள் நிறுவப்பட்டது. அதனை ஆக்கிக் கொடுத்தது ஃபுஜிட்சு நிறுவனத்தைச் சேர்ந்த அமைப்பு. சில நாள்களில், மாலையில் கணக்கை முடிக்கும்போது, இருக்கவேண்டிய பணத்தைவிடக் கையிலிருப்பது குறைவு என்று திரை காட்டலாயிற்று. குறைவை ஈடுசெய்வது துணை அஞ்சலகரின் பொறுப்பு என்று கருதப்பட்டது. பலர் தம் சேமிப்பிலிருந்து போட்டார்கள். உறவினரிடம் கடன் வாங்கிப் போட்டார்கள். உதவி கோரித் தொலைபேசியில் அழைத்தவர்களுக்கு, “உங்களுக்கு மட்டுந்தான் இப்படி நேருகிறது” என்ற பதில் கிடைத்ததாகப் பலரும் பின்னர்ச் சாட்சியம் அளித்தார்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய வாயை அடைத்திருக்கும்! உமக்கு மட்டும் என்றால், தவறு உம்முடையதே என்பது பொருள். ஊரார் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று அஞ்சி, பக்கத்து ஊர் அஞ்சலகரிடம்கூட அவர்கள் வாய் திறக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரருக்கும் அதே நிலைமை. அவரும் வாய் திறக்கவில்லை.

குறை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்றைச் சொல்லலாம். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்னும் ஊரில், 2015ஆம் ஆண்டில், 8,000 பவுன் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய ஓர் ஊழியர் பொத்தானை அழுத்தினார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார், நான்கு தடவை அழுத்தினார். மென்பொருள் நான்கு தடவையும் பதிவு செய்துகொண்டது. வந்தது 8,000, கணக்கில் 32,000, குறைவு 24,000. நமது அம்மையாரின் நோட்டில் ‘சேமி என்பதை இரண்டு தடவை அழுத்தக் கூடாது’ என்று முதலில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு இந்நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்தது.

1999ஆம் ஆண்டுக்கும் 2015ஆம் ஆண்டுக்கும் இடையே, இந்த மென்பொருள் காட்டிய கணக்கை ஆதாரமாகக் கொண்டு, 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். வீட்டை இழந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் பலர். பிற்பாடு அமைக்கப்பட்ட விசாரணை ஆணையத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று கூறுகிறது. துணை அஞ்சலகர்களுக்கென ஒரு சம்மேளனம் இல்லாமலில்லை. ஆனால் அது அஞ்சலக நிறுவனத்தினின்றும் சுதந்திரமாக நிற்கும் அமைப்பன்று என்று 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நீதிபதி கூறும் நிலையில் அது இருந்தது.

கட்டை அவிழ்த்தவர் ஆலன் பேட்ஸ் என்பவர். வேல்ஸில் ஓர் அஞ்சலகத்தை நடத்தியவர். தம் கணக்கில் குறைவு தோன்றியபோது, அதனைத் தம்முடையது என்று ஏற்று மௌனமாகப் பணத்தைப் போட அவர் மறுத்தார். ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். 2003ஆம் ஆண்டில் அவருடைய ஒப்பந்தத்தை முறித்தார்கள். அவர் விடவில்லை. 2009ஆம் ஆண்டில் ஒரு கணினிப் பத்திரிகை ஏழு துணை அஞ்சலகர்களின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டில் ஃபென்னி காம்ப்டன் என்ற சிற்றூரின் பொது மண்டபத்தில் பாதிக்கப்பட்ட சிலர் கூடினார்கள். ‘எனக்கு மட்டும்’ என்று எண்ணியிருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த இடம் அது. பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், அவை கணக்கில் குறைவை உண்டாக்க வல்லவை என்றும் 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டில் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது. முதற் குறைவு தோன்றியதற்கும் அச்சட்டத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு!

நமது சங்கங்களிலும் பணம் குறைந்தால், அதற்குப் பொறுப்பானவரிடமிருந்து வசூலிக்கத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 87ஆம் பிரிவு வழி செய்கிறது. அது வேண்டிய பிரிவே. சங்கப் பணம் அங்கத்தினர்களின் பணம். ஆயினும் அன்று, நோட்டுப் புத்தகத்தைப் பாராமல், 19 ரூபாயைக் குறைவென்று மட்டும் எழுதிவிட்டு நான் எழுந்து வந்திருந்தால், அந்த அம்மையார் அடுத்த வாரமும் மறவாமல் பணத்தைப் போட்டிருப்பார். கணக்கும் சரியாக இருந்திருக்கும். கணக்கு சரியாக இருந்ததே குறை மறைந்திருந்ததற்குக் காரணம் என்பதை எண்ணும்போது, ஆய்வாளன் என்ற முறையில் எனக்குச் சிறிது கலக்கம் உண்டாகிறது.

மற்றொரு காரணத்தையும் விட்டுவிடலாகாது. உபயோகிப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். கடையில் வாங்கும் சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்த தடவை வேறு சோப்பு வாங்கலாம். சங்கத்து எழுத்தர் மென்பொருளை மாற்ற முடியுமா? பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹெர்ஷ்மன் 1970ஆம் ஆண்டில் எழுதிய சிறு நூல், கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் அறியத் தக்கது. ஒரு ஸ்தாபனம் சீர்கெடும்போது, அதனைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: விட்டு விலகுவது, அல்லது குரல் எழுப்புவது. நைஜீரிய நாட்டில் வேர்க்கடலை முதலிய சரக்குகளை நெடுந்தூரம் ஏற்றிச் செல்ல ரயில் இருந்தும், வியாபாரிகள் லாரிக்கு மாறிவிட்டதை அவர் கண்டார். ரயில் ஏன் திருந்தவில்லை? வலுவாகக் குரல் எழுப்பக்கூடியவர்கள் யாவரும் ஓசையின்றி லாரிக்குப் போய்விட்டார்கள். ரயிலின் நஷ்டத்தை அரசாங்கம் ஈடுசெய்து வந்ததால், அவர்கள் போனது நிர்வாகத்தின் கண்ணில் படவேயில்லை. மென்பொருளிலும் இதுவே நடக்கிறது. போக முடிந்தவர்கள் சொல்லாமல் போகிறார்கள். போக முடியாதவர்கள் நோட்டுப் புத்தகம் எழுதுகிறார்கள்.

“ஆக்கியவர்களுக்குத் தாமாகத் தெரியாதா?” என்று சிலர் கேட்கக்கூடும். ஓரளவுக்குத் தெரியும். மென்பொருள் திடீரென்று நின்றுபோனால், அச்செய்தியைத் தானே அனுப்பும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் செய்திருக்கின்றன. அதனால் பெரும் பயனும் விளைந்தது; நூற்றில் ஒரு பங்குப் பிழைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் என்று அந்நிறுவனம் 2002ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆனால் நின்றுபோவது மட்டுமே அதில் அகப்படும். பைசாவை ஓரிடத்தில் உயர்த்தி, மற்றோரிடத்தில் உயர்த்தாமல் விடும் மென்பொருள் நிற்பதேயில்லை. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தகைய பிழையைச் சொல்ல மனிதர் ஒருவர் வேண்டும்.

காலம் தாழ்த்துவதிலும் கேடு உண்டு. 1976ஆம் ஆண்டில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் ‘மேக்’ என்ற கருவி மென்பொருளை எழுதினார். அதில் குறிப்பிட்ட இடத்தில், கண்ணுக்கு வெற்றிடமாகவே தோன்றும் தனிக் குறியொன்றை இட்டே தீரவேண்டும் என்ற சங்கடமான விதி அமைந்துவிட்டது. சில வாரங்களில் அதனைத் திருத்த எண்ணினார். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்கத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்கு இடையூறு செய்ய வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரைக் கருதி விடப்பட்ட குறையோடு, பிற்காலத்தில் உலகெங்கும் எண்ணற்றவர்கள் மல்லாட நேர்ந்தது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை ஏற்றது. ஒரே மாதிரியான மென்பொருள் அத்தனை சங்கங்களுக்கும் வரும்போது, ஒரு சங்கத்தில் காணும் பிழை ஆயிரம் சங்கங்களில் இருக்கும். ‘எனக்கு மட்டும்’ என்று எவரும் எண்ணுவதற்கு அங்கே இடமில்லை.

எவ்வாறு தெரிவிப்பது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். “வேலை செய்யவில்லை” என்று எழுதினால் பயனில்லை. என்ன செய்தோம், என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன வந்தது என்ற மூன்றையும் தேதி, நேரத்தோடு எழுதவேண்டும், தமிழிலேயே எழுதலாம். திரையைப் படமெடுத்து இணைப்பது நன்று. ஆனால் அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை மறைத்துவிட வேண்டும். மறுபடி செய்து பார்த்தால் மறுபடி வருகிறதா என்பதைக் குறிப்பிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. டைலர் நகரத்து இருவரும் செய்தது இதைத்தான். எழுத்தரின் பெயரால் அனுப்பாமல் நிர்வாகக் குழுவின் தீர்மானமாக அனுப்புவது இன்னும் மேல். பதில் வராவிட்டால் நினைவூட்டவும், தனி மனிதர்மேல் பழி வராமல் காக்கவும் அதுவே வழி.

நான் கூறிய சங்கத்தில் அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றி, ஒரு வாரத்துக் கூலிச் சீட்டுகளையும் ரொக்கப் புத்தகப் பக்கத்தையும் இணைத்து அனுப்பினார்கள். பதில் வர 23 நாள்கள் ஆயின. பைசாக் கணக்கு திருத்தப்பட்டுவிட்டது. நோட்டுப் புத்தகத்தின் மற்ற 33 குறிப்புகளை மாதத்துக்கு மூன்றாக அனுப்பி வருகிறார்கள். ஐந்துக்குத் தீர்வு கிடைத்திருக்கிறது. இரண்டுக்கு, ‘அது அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் வந்திருக்கிறது. புகைப்படத்தை இரண்டு தடவை இணைக்கும் விஷயத்தை நானும் எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்று ஆண்டுகளாக அந்த அம்மையார் தம் கையிலிருந்து போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிர்வாகக் குழு விரும்புகிறது. ரசீது எதுவும் இல்லாத அத்தொகையை எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் எழுதவில்லை.